உப்புக்காற்றுக் கரையில் பிராட்பேண்ட்: யாரிடம் எடுப்பது, அவர்கள் தரும் ரூட்டரை என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. கேட்டவர் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு இறால் பண்ணையைக் கேமராவில் பார்க்க வேண்டும். அக்கா வீட்டுக்காரர் துபாயில். ராத்திரி ஆனால் வீடியோ கால். பி.எஸ்.என்.எல் ஃபைபர் போடுகிற ஆள், தனியார் ஃபைபர் கம்பெனி ஏஜென்ட், மொட்டை மாடியில் டப்பா மாட்டும் 5ஜி ஏர்ஃபைபர்காரர், ஊர்க் கேபிள்காரர் என்று நாலு பேர் வந்து போயிருக்கிறார்கள். நாலு பேரும் ‘ரூட்டர் ஃப்ரீ’ என்கிறார்கள். யாரிடம் எடுப்பது, அந்த ரூட்டர் போதுமா, சொந்தமாக ஒன்று வாங்க வேண்டுமா?

தம்பி, வீட்டு வாசல் வரை ஃபைபர் வருகிறது என்றால் ஃபைபர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தக் கம்பெனி ஃபைபர் என்பதற்கு மட்டும் நம் கரையில் பொதுவான பதில் கிடையாது. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே கம்பெனி தங்கச்சிமடத்தில் தங்கமாக ஓடும், கீழக்கரையில் ஒரு தெருவில் வாரம் ஒருமுறை படுக்கும். காரணம், கம்பெனியின் பெயர் சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறது. லைனைப் பார்த்துக்கொள்கிற ஆள் உங்கள் ஊரில் இருக்கிறார். கார்த்திகை மழையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருபவர் யார், அவரிடம் அறுந்த இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைஸ் மெஷின் இருக்கிறதா, இல்லை ராமநாதபுரத்திலிருந்து வரவழைக்க வேண்டுமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பி.எஸ்.என்.எல் ஃபைபரைப் பெரும்பாலும் பி.எஸ்.என்.எல் ஊழியர்களே நேரடியாக இழுப்பதில்லை. வருமானத்தில் பங்கு என்ற ஏற்பாட்டில் உள்ளூர் ஆட்கள் இழுத்துக் கொடுத்துப் பராமரிக்கிறார்கள். அந்த உள்ளூர் ஆள் நல்லவராக அமைந்துவிட்டால் பி.எஸ்.என்.எல் போல நிம்மதியான இணைப்பு வேறில்லை. அமையாவிட்டால் எக்ஸ்சேஞ்சுக்குப் போனாலும் ‘அவரிடம் கேளுங்கள்’ என்பார்கள், அவரிடம் போனால் ‘எக்ஸ்சேஞ்சில் கோளாறு’ என்பார். தனியார் கம்பெனியிலும் இதே கதைதான், பெயர்ப்பலகை மட்டும் வேறு. அதனால் விளம்பரத்தைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். ‘ஸ்பீடு எப்படி?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். ‘போன ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை நாள் லைன் இல்லாமல் இருந்தீர்கள், யாருக்குப் போன் போட்டீர்கள்?’ என்று கேளுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்கடுத்த வாரம் யாருடைய லைன் முதலில் உயிர்பெற்றது என்று தீவில் சொந்தக்காரர்கள் இருந்தால் விசாரியுங்கள். அதைவிட நேர்மையான பரீட்சை இந்த ஜில்லாவில் சமீபத்தில் நடக்கவில்லை.

ஃபைபருக்கு ஏன் முதலிடம் என்றால், அது வேலை செய்கிற விதம் நம் ஊருக்குப் பொருத்தமானது. எக்ஸ்சேஞ்சிலோ ஆபரேட்டர் அறையிலோ ஓ.எல்.டி என்ற பெட்டி இருக்கும். அதிலிருந்து கிளம்பும் ஒரு கண்ணாடி இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. இந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். வெளிச்சத்தைப் பிரிக்கிற வெறும் கண்ணாடிச் சமாச்சாரம். ஆக, ஓ.எல்.டி-க்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படுகிற பொருள் எதுவுமே இல்லை. தெரு முழுக்கக் கரண்ட் போனாலும் அங்கே ஓ.எல்.டி-க்கு பேட்டரி இருந்து, இங்கே உங்கள் பெட்டிக்கு பேட்டரி இருந்தால் நெட் ஓடும். கண்ணாடி என்பதால் உப்பு அதை அரிக்காது, இடி அதன் வழியாக வீட்டுக்குள் வராது. பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைனில் ஜாயின்ட் பச்சை பூத்து, மழை பெய்தால் கொரகொரவென்று இரைந்ததை உங்கள் அப்பாவிடம் கேட்டால் சொல்வார்.

கேபிள்காரரிடம் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் அவர் வீடு வரை ஃபைபர் தருகிறாரா, இல்லை கம்பத்தில் ஒரு சுவிட்ச் வைத்து அங்கிருந்து லேன் வயர் இழுக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லேன் வயர் என்றால் வேண்டாம். கம்பத்தில் இருக்கும் சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும், அதை உப்புக்காற்று தின்னும், ஒரு நல்ல இடி இறங்கினால் அந்தத் தெருவில் இருக்கிற லேன் போர்ட் எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விடும். வீடு வரை ஃபைபர் என்றால் கடைசியாக ஒரு கேள்வி: ‘உங்கள் ஓ.எல்.டி-க்கு எத்தனை மணி நேரம் பேக்கப்?’ இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

ஏர்ஃபைபர் என்று விற்பது 5ஜி டவரிலிருந்து வருகிற இணைப்பு. பெயரில் ஃபைபர் இருக்கிறதே தவிர உங்கள் வீட்டுக்கு வருவது ரேடியோ அலை. இழை வராத ஒற்றை வீடு, தோப்பு வீடு, பண்ணை என்றால் அது நல்ல வழிதான். உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு இரண்டாவது தேர்வாக வைத்துக்கொள்ளலாம். டவரில் சாயங்காலம் கூட்டம் கூடினால் வேகம் இறங்கும். பதிவேற்ற வேகம் இறக்க வேகத்தை விடக் குறைவாகவே இருக்கும். நல்ல ஃபைபர் பிளான்களில் இரண்டும் சமமாக வருவதுண்டு. வேலை மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் பதிவேற்றத்தில் வரும் சிக்கல். ஏஜென்ட் பேச்சைக் கேட்பதற்கு முன், அதே கம்பெனியின் 5ஜி சிம் போட்ட போனை எடுத்துக்கொண்டு ராத்திரி 9 மணிக்கு மொட்டை மாடியில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். பகல் 11 மணிக்கு அவர் காட்டுகிற எண்ணை மறந்துவிடுங்கள். அப்புறம், அந்த டப்பாவையும் கிளாம்பையும் கடல் பார்த்த பக்கம் மாட்டினால் இரண்டு வாடைக்காற்றுக் காலத்தில் துருப்பிடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப், வெயில் தாங்கும் அவுட்டோர் கேபிள் கேளுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வழிந்து வரும் மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

தீவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனியானாலும் இணைப்பு பாம்பனைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இரண்டு கம்பெனியில் இரண்டு இணைப்பு வைத்துவிட்டால் ஒன்று போனாலும் இன்னொன்று ஓடும் என்று நினைக்கிறார்கள் லாட்ஜ்காரர்கள். இரண்டும் ஒரே வழியில் வந்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும். ஒன்று ஃபைபர், இன்னொன்று வேறு கம்பெனியின் மொபைல் டேட்டா என்று வைப்பது கொஞ்சம் மேல். அதிலும் தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ‘ஸ்ரீலங்காவுக்கு நல்வரவு’ என்று மெசேஜ் வருவதுண்டு. இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம்தானே! சிம் போட்ட ரூட்டரோ டாங்கிளோ வைத்திருந்தால் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பில் கப்பல் ஏறிவிடும்.

பிளானைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்.பி.பி.எஸ் போதும். உங்கள் வீட்டில் நீங்கள் மீட்டிங்கில், அக்கா துபாய் காலில், அம்மா டி.வி-யில் சீரியல் என்று ஒரே நேரத்தில் ஓடினாலும் 50 எம்.பி.பி.எஸ் தாராளம். 300 என்று ஆசை காட்டுவார்கள். அந்தக் காசை நல்ல ரூட்டரில் போடுங்கள். ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் மாதம் 3300 ஜி.பி என்று இருக்கும். ஏர்ஃபைபரில் பெரும்பாலும் 1000 ஜி.பி. அதைத் தாண்டினால் வேகம் என்னவாகும் என்று எழுத்தில் பாருங்கள். சட்டப்படி பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2 எம்.பி.பி.எஸ் இருந்தாலே போதும். அதுவும் 2023-இல்தான் 512 கே.பி.பி.எஸ்-இலிருந்து உயர்த்தினார்கள். விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி சேரும், 499 என்றால் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு. ‘ஆறு மாசம் கட்டினா ஒரு மாசம் ஃப்ரீ’ என்பதை முதல் தடவையே ஏற்காதீர்கள். மாதக் கட்டணத்தில் ஆரம்பித்து, ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வருஷக் கணக்கில் கட்டுங்கள். ஆறு மாதக் காசைக் கையில் வாங்கிய பிறகு போன் எடுக்காத ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

துபாய் கால் பற்றி இன்னொன்று. வாட்ஸ்அப்பில் கால் போகவில்லை என்றால் உங்கள் லைனைக் குறை சொல்லாதீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் காலுக்கு அனுமதி இல்லை. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் மாதிரி செயலியில்தான் பேச வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றிய வீடு கீழக்கரையில் உண்டு.

இப்போது இணைப்புப் போட வருகிற நாள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். வருகிற பையன் கேபிள் எந்த ஜன்னல் வழியாக நுழைகிறதோ அதற்குப் பக்கத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகத்தான் பார்ப்பான். அவனுக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு இருக்கும். மாட்டுவதற்கு முன், இழையில் வரும் வெளிச்சத்தை அளக்கிற அவனுடைய பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள். எண் மைனஸில் இருக்கும்: மைனஸ் 18-இலிருந்து மைனஸ் 24 டி.பி.எம் வரை என்றால் நல்ல லைன். மைனஸ் 27-ஐ நெருங்கினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். வீட்டில் மாட்டும் ஃபைபர் பெட்டியான ஓ.என்.டி-யின் தாங்கும் எல்லையே ஏறக்குறைய அவ்வளவுதான். இன்றைக்கு ஓடும், முதல் மழையில் ஜாயின்ட் பாக்ஸில் ஈரம் இறங்கினால் நின்றுவிடும். எங்கோ ஒரு ஜாயின்ட் மோசம், அல்லது கேபிள் ஒடிந்து மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நாலு மாதம் கழித்து ‘லைன் எல்லாம் கரெக்ட்டாத்தான் இருக்கு’ என்று சொல்லும்போது, அன்றைக்கு மைனஸ் 20, இன்றைக்கு மைனஸ் 26 என்று காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பெட்டிக்குள் செருகுகிற முனை பச்சையாக இருந்தால் பச்சைத் துளையில்தான் செருக வேண்டும், நீலத்துக்கு நீலம். பச்சையின் முனை சாய்வாகச் சீவியிருக்கும், நீலத்தில் அப்படி இல்லை. மாற்றிச் செருகினால் சிக்னல் சேதாரம். கதவிடுக்கில் கேபிளை நசுக்க விடாதீர்கள், சுற்றி வைத்தால் அகலமான வட்டமாக வையுங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கக் கூடாது. வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர். அப்புறம் விளக்குகள்: பி.ஓ.என் பச்சையில் நிலையாக எரிந்தால் நலம், எல்.ஓ.எஸ் சிவப்பில் எரிந்தால் வெளிச்சமே வரவில்லை, லைன் எங்கோ அறுந்திருக்கிறது. சிவப்பு எரியும்போது பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பச்சை எரிந்து நெட் மட்டும் இல்லை என்றால் கோளாறு கணக்கிலோ செட்டிங்கிலோ இருக்கிறது.

சரி, ரூட்டருக்கு வருவோம். உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான்.

அவர்கள் தருவது உண்மையில் ஒரே பெட்டிக்குள் இரண்டு பெட்டி. ஒன்று ஓ.என்.டி, அதாவது வெளிச்சத்தை டேட்டாவாக மாற்றுகிற பகுதி. இன்னொன்று வைஃபை ரூட்டர். முதல் வேலையை எல்லாப் பெட்டியும் ஒழுங்காகச் செய்கிறது. இரண்டாவது வேலையில்தான் கம்பெனி காசை மிச்சம் பிடிக்கிறது. விலை குறைந்த பெட்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வைஃபை அலைவரிசை மட்டும் இருக்கும். அதில் 100 எம்.பி.பி.எஸ் பிளான் போட்டாலும் பக்கத்து அறையில் 30, 40 கிடைத்தால் பெரிது. சிலவற்றில் லேன் போர்ட்டே 100 எம்.பி.பி.எஸ்-தான், அப்படியிருக்க 200 பிளான் விற்றுவிட்டுப் போவார்கள். ஆகவே கேட்க வேண்டியது: ‘டூயல் பேண்ட் தானா? லேன் போர்ட் கிகாபிட்டா?’ அதாவது 2.4-ஓடு 5 கிகாஹெர்ட்ஸும் உண்டா, போர்ட் 1000 எம்.பி.பி.எஸ் தாங்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், மூன்று அறை வீட்டுக்கு முதலில் அதையே வைத்து ஓட்டிப் பாருங்கள். வாங்குவதற்கு அவசரமே வேண்டாம்.

பல வீடுகளில் குற்றவாளி ரூட்டர் இல்லை, அது இருக்கிற இடம். டி.வி-க்குப் பின்னால், பீரோவுக்கு மேல், சாமி படத்துக்குப் பக்கத்தில் என்று வைத்துவிட்டு மாடியில் சிக்னல் இல்லை என்பார்கள். இரும்பு பீரோ வைஃபையை அப்படியே தடுத்துவிடும். கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவர் முழங்கை அகலம் இருக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டாது. வீட்டின் நடுவில், தலைக்கு மேலே இருக்கிற மாதிரி திறந்த இடத்தில் வைத்துப் பார்த்த பிறகு குறையிருந்தால்தான் சொந்த ரூட்டர் பேச்சு.

அந்தக் கட்டம் வந்தால் என் வழி இது: கம்பெனிப் பெட்டியை முன்னறையில் கேபிள் நுழைகிற இடத்திலேயே விடுங்கள். அதிலிருந்து கேட் 6 லேன் வயர் ஒன்றை வீட்டின் நடுவுக்கோ மாடிப்படிக்கோ இழுத்து, அங்கே உங்கள் ரூட்டரை வையுங்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் கிகாபிட் போர்ட் உள்ள டூயல் பேண்ட் ரூட்டர் கிடைக்கிறது. கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அது வெறும் மாற்றுப்பெட்டியாக இருக்கட்டும். இதனால் வருகிற லாபம் என்ன தெரியுமா? நாளைக்குக் கம்பெனியை மாற்றினாலும் வீட்டு வைஃபை மாறாது. கேமரா, டி.வி, எல்லாருடைய போன் என எதிலும் பாஸ்வேர்டைத் திரும்பப் போட வேண்டாம். லேன் வயரைப் பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிப் புதிய பெட்டியில் செருகினால் முடிந்தது. ஒரு கம்பெனியிடம் பிடிக்காமலே ஒட்டிக்கொண்டிருக்கிறவர்கள் பாதிப் பேர் ‘எல்லாத்தையும் மறுபடி செட் பண்ணணுமே’ என்ற மலைப்பில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடுவது சுலபம்: ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி முகவரி என்ற நெட் எண்ணைக் கொடுக்கிற வேலையைக் கம்பெனிப் பெட்டி பார்க்கும், வைஃபையை மட்டும் உங்களுடையது தரும். இல்லை, எல்லாம் என் கட்டுப்பாட்டில் வேண்டும் என்றால் கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடில், அதாவது வெளிச்சத்தை டேட்டாவாக மாற்றுவதோடு நிற்கும்படி, போடச் சொல்லி, இணைப்புக்குள் நுழைவதற்கான பி.பி.பி.ஓ.இ யூசர்நேம், பாஸ்வேர்டை உங்கள் ரூட்டரில் போட வேண்டும். இதற்குச் சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும், சில மறுக்கும். பி.எஸ்.என்.எல்-இல் சொந்த ஓ.என்.டி-யே வைத்துக்கொள்ளலாம், அதன் சீரியல் எண்ணை அவர்கள் பதிந்துகொடுக்க வேண்டும். ஜியோவில் அவர்கள் பெட்டியைக் கழற்றிவிட்டு உங்களுடையதைப் போட வழியில்லை. பின்னால் உங்கள் ரூட்டரைச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு பெட்டியும் ரூட்டராகவே ஓடினால் வீடியோ பார்க்கவோ மீட்டிங் பேசவோ பெரிதாகக் கெடுதல் வராது. ஆன்லைன் விளையாட்டும், ஆபீஸ் வி.பி.என்-னும்தான் சில நேரம் முரண்டு பிடிக்கும்.

பெட்டியின் பின்னால் ஊசித்துளை மாதிரி இருக்கும் ரீசெட்டைத் தொடவே தொடாதீர்கள். அது மறுபடி ஆன் செய்வதற்கான பட்டன் இல்லை. அழுத்தினால் உள்ளே போட்டு வைத்திருக்கும் யூசர்நேம், கம்பெனி லைனுக்கான வி.எல்.ஏ.என் என்ற அடையாள எண் எல்லாம் அழிந்துபோகும். ஆள் வந்தால்தான் திரும்ப ஓடும். இணைப்புப் போட்ட அன்றே அந்த விவரங்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். வருகிற பையன் உங்கள் போன் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம். தெருவுக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது. மாற்றுங்கள். பெட்டிக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், பாஸ்வேர்டு இல்லாமல் பட்டன் அழுத்திச் சேர விடுகிற டபிள்யூ.பி.எஸ் என்று இருந்தால் அணையுங்கள். கம்பெனிக்குத் தூரத்திலிருந்தே பெட்டிக்குள் வந்து செட்டிங் மாற்ற ஒரு வாசல் எப்போதும் உண்டு. கோளாறு பார்க்க அது அவர்களுக்குத் தேவை. ஆனால் அது பிடிக்கவில்லை என்றால், உங்கள் ரூட்டரை ரூட்டராகவே அதன் பின்னால் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உப்பு. இதை எந்தக் கஸ்டமர் கேரும் சொல்லாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே நீரை இழுத்து ஈரமாகும். நம் கரையில் ராத்திரி நேரத்தில் அது சர்வசாதாரணம். பெட்டிக்குள்ளும் போர்ட்டுகளிலும் படிந்த உப்பு இப்படி நனைந்து, கரண்டும் சேர்ந்தால் பித்தளை, செம்பு எல்லாம் அரிக்கும். லேன் வயர் லூசாகி விட்டுவிட்டு நெட் வருவது, அடாப்டர் முனை கறுப்பது எல்லாம் இதனால்தான். கடல் பார்த்த ஜன்னலிலிருந்து பெட்டியைத் தள்ளி வையுங்கள், பயன்படாத போர்ட்டுகளை மூடியோ டேப்போ போட்டு அடையுங்கள், லேன் வயரை மாதம் ஒருமுறை கழற்றிச் செருகுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ராத்திரி அணைக்காதீர்கள். ஓடுகிற பெட்டியின் சூடு அதை உலர வைக்கிறது. அணைத்தால் சரியாக ஈரம் ஏறுகிற நேரத்தில் அது குளிர்ந்து கிடக்கும். ‘கரண்டு வீணாகுது’ என்று அப்பா சுவிட்சை அணைப்பவராக இருந்தால் கணக்குச் சொல்லுங்கள்: 10 வாட் பெட்டி மாதம் முழுக்க ஓடினாலும் 7 யூனிட்தான்.

கரண்ட் போகிற நேரத்துக்கு இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அந்த லைனில் போடுங்கள். இல்லையென்றால் ரூட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ் விற்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. சொந்த ரூட்டர் வைத்தால் அதற்கும் சேர்த்து வாங்குங்கள். ஓ.என்.டி-க்கு மட்டும் பேக்கப் வைத்துவிட்டு வைஃபை ஏன் போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பண்ணைக் கேமராவுக்கு: இப்போது பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஒரே பொது ஐ.பி-யைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கிற ஐ.பி தெரிந்தால் உங்களுக்கும் அதுதான். அந்த நிலையில் பழைய பாணியில் ரூட்டர் செட்டிங்கில் போர்ட் என்ற வழியைத் திறந்து வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாது. க்யூ.ஆர் கோடு ஸ்கேன் செய்து ஆப்பில் பார்க்கிற கேமரா என்றால் எந்த இணைப்பிலும் ஓடும். அப்பாவுக்கு அதுவே போதும், உங்களுக்கென்று மாறாமல் இருக்கும் ஸ்டாட்டிக் ஐ.பி-க்குத் தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை.

லைன் படுத்தால் உள்ளூர் ஆளுக்குப் போன் போடுவதோடு நிறுத்தாதீர்கள். கஸ்டமர் கேரிலும் புகார் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். எண் இல்லாத புகார் கணக்கில் வராது, லைன் படுத்த நாட்களுக்குக் கட்டணத்தில் கழிவு கேட்கவும் அதுதான் ஆதாரம். தீர்வு வராவிட்டால் ஒவ்வொரு கம்பெனியிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி மேல்முறையீட்டு அதிகாரி உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் சொல்லிவிட்டது. ‘எங்க மேல கேஸ் போட முடியாது சார்’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

‘ஃப்ரீ ரூட்டர்’ என்பது இரவல் ரூட்டர். இணைப்பை விடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டெபாசிட்டில் பிடிப்பார்கள், டெபாசிட் இல்லையென்றால் பில் அனுப்புவார்கள். போடும்போது கட்டுகிற காசில் எவ்வளவு திரும்பி வரும், எவ்வளவு வராது என்று ரசீதில் பிரித்து எழுதி வாங்குங்கள். பெட்டியின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். விடுகிற அன்றைக்கு அடாப்டரையும் சேர்த்தே கொடுங்கள், கையெழுத்து வாங்காமல் யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.